சேம அச்சு இல்லாத வண்டி

சென்ற மாதம் எங்கள் ஊர் இலக்கிய வட்டக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டில் ஒரு பழைய வண்டியின் சங்கிலி தளர்ந்துபோனதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "தமிழாசிரியர் எழுதவேண்டியவை எத்தனையோ கிடக்க, செயின் லூசானதையா எழுதுவது? அதற்குத்தான் மெக்கானிக் இருக்கிறானே!" என்றார்.

'இருக்கிறான்' என்ற அந்த ஒருமை விகுதிதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. மெக்கானிக் இருக்கிறார் ஐயா. அவர் சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை. கேட்காமற்போனால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இலக்கியப் பக்கத்தில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசிவரை பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டலாம்.

1

லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டின் மீனவர் குடியிருப்புகளுள் ஒன்று. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதும், அதைத் திறந்துவிடச் சொல்லி மீனவர்கள் மன்றாடுவதும் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் கதை. ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். அதற்குக் கீழே சேறு. படகு தரைதட்டும் இடத்தில் மனிதன் இறங்கி நடக்கவும் முடியாது. நீருமல்லாத நிலமுமல்லாத அந்த இடைப்பட்ட வெளிக்கென்றே செய்ததுபோல ஒரு வண்டி உண்டு.

ஆறு சக்கரங்கள் அல்லது எட்டுச் சக்கரங்கள். தொட்டி போன்ற பிளாஸ்டிக் உடல். உப்பிய, காற்றுக் குறைவான டயர்கள். தரையிலும் ஓடும், நீரிலும் மிதக்கும். நீரில் அதற்குத் தனி விசிறி பெரும்பாலும் இராது. டயரின் வரிகளே துடுப்பு. மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நகர்ந்தால் அதிகம். 1960களின் தொடக்கத்தில் கனடாவில் 'ஜிகர்' என்ற பெயரில் இவ்வகை வண்டி முதலில் வந்தது. 1967இல் அதே நாட்டில் ஒன்டாரியோ மாநிலத்து நிறுவனம் ஒன்று 'ஆர்கோ'வைக் கொண்டுவந்தது. இன்றுவரை அப்பெயர் நிலைத்திருக்கிறது.

அத்தகைய ஆறு சக்கர வண்டி ஒன்று, பல கைகள் மாறி, பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் நிற்பதைச் சென்ற மார்கழியில் பார்த்தேன். யாருடையது என்பது இக்கட்டுரைக்குத் தேவையில்லை. அருகில் அமர்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தவர் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர், ஐம்பது கடந்தவர், முப்பது ஆண்டுகளாகப் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். அண்ணன் என்றே அழைத்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

2

இவ்வண்டிக்கு நாம் அறிந்த ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்கள் திரும்பா. ஒரு பக்கத்துச் சக்கரங்களைத் தடுத்து, மறுபக்கத்துச் சக்கரங்களை ஓடவிட்டால் வண்டி திரும்பும். ஒரு துடுப்பை நிறுத்தி மறு துடுப்பைப் போட்டால் தோணி திரும்புவதில்லையா, அதே முறை. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் ஒன்றாகச் சுழலவேண்டுமானால் அவற்றை இணைக்க வேண்டும். அந்த இணைப்புத்தான் சங்கிலி. எஞ்சினின் வலு கியர்பெட்டி வழியாகச் சங்கிலிக்கு வந்து, சங்கிலி வழியாகத்தான் அச்சுகளுக்குப் போகிறது. பிரேக்கும் கியர்பெட்டியின் பக்கமே இருப்பதால், தடுக்கும் விசையும் அதே சங்கிலி வழியாகத்தான் சக்கரத்தை அடைகிறது.

இதன் பொருளைக் கவனியுங்கள். சைக்கிளில் செயின் கழன்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இங்கே ஒரு பக்கச் சங்கிலி கழன்றால் அந்தப் பக்கம் உந்துதலும் இல்லை, தடையும் இல்லை. நேரே போகவேண்டிய வண்டி, ஏரியின் நடுவில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

சங்கிலி ஏன் தளர்கிறது? 'நீண்டுவிட்டது' என்பது எல்லாரும் சொல்லும் விடை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அண்ணன் தலையாட்டினார். "நீளல சார். உள்ள தேஞ்சிக்கீது" என்றார். ஒரு கண்ணியை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் தகடு, நடுவில் ஊசி, ஊசியின் மேல் குழல் போன்ற புஷ், அதன் மேல் உருளை. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் செய்த இந்த அமைப்புத்தான் இன்றுவரை உலகெங்கும் ஓடுகிறது. தகடுகள் அப்படியே இருக்கின்றன. ஊசியும் புஷ்ஷும் உரசும் இடம்தான் ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு தேய்கிறது. நூறு கண்ணியில் நூறு மயிரிழை. அந்தக் கூட்டுத்தொகையைத்தான் நாம் நீளம் என்கிறோம்.

அளந்தும் காட்டினார். அந்தச் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 19.05 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அப்படியானால் 16 கண்ணிகள் 304.8 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து நாடாவை வைத்தபோது 314. நூற்றுக்கு 3 பங்கு கூடியிருக்கிறது. பொதுவான பயன்பாட்டில் அவ்வளவு தேய்ந்தால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. இதுபோல் அச்சை நகர்த்தி இறுக்க வழியில்லாத வண்டியில் 2 பங்கிலேயே மாற்றிவிடுவது நல்லது.

3

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

வண்டிக்காரர் அண்ணனிடம் சொல்லியிருந்தது இதுதான்: "ரெண்டு கண்ணிய எடுத்துட்டு, நல்லா கிரீஸ் அடிச்சு விடு. பொங்கலுக்கு ஓடணும்." சிக்கனமான யோசனை போலத் தோன்றும். நம் நாட்டில் பாதி இயந்திரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. இது இரண்டு வகையில் பிழை.

முதலாவது, கண்ணியை எடுப்பது. இரண்டு கண்ணிகளை எடுத்தால் சங்கிலியின் மொத்த நீளம் குறையும், தொய்வும் போய்விடும். ஆனால் எஞ்சிய ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்த கண்ணிதானே? பற்சக்கரத்தின் பற்கள் 19.05க்கு வெட்டப்பட்டவை. அவற்றின் மேல் 19.6 வந்து உட்கார்ந்தால் உருளை பள்ளத்தில் அமராது. பல்லின் மேலே ஏறும். விசை கூடும்போது தாவும். தாவித் தாவிப் பற்கள் கொக்கி போல வளையும். பிறகு புதுச் சங்கிலியே வாங்கிப் போட்டாலும், அந்தக் கொக்கிப் பற்கள் அதையும் சில மாதங்களில் தின்றுவிடும். ஒற்றைக் கண்ணியை மட்டும் எடுப்பதோ இன்னும் மோசம். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவது சங்கிலி; ஒன்றை எடுத்தால் இணைக்க வளைந்த அரைக்கண்ணி வேண்டும். முழுச் சங்கிலியிலும் வலுக் குறைந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

நோய் இருக்க, நோயின் அடையாளத்தை மட்டும் அழித்துவிடுவது இது. தொய்வு என்பது எச்சரிக்கை. இறுக்கிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்; தேய்வு நிற்காது.

இரண்டாவது, கிரீஸ். உரசல் நடப்பது ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. அந்த இடுக்கில் கெட்டியான கிரீஸ் நுழையாது. வெளியே ஒட்டிக்கொண்டு மணலைப் பிடித்து வைக்கும். பழவேற்காட்டு மணலும் கிரீஸும் கலந்தால் கிடைப்பது உப்புத்தாள். அச்சு வெளியே வரும் இடத்து ஆயில் சீல் தேய்ந்திருந்தால் உவர்நீர் உள்ளே கசியும். கசிந்த நீர் தொட்டியின் அடியில் தேங்கும். சங்கிலியின் இடமும் அதே அடிப்பகுதிதான். ஆகவே சங்கிலியைக் காப்பது கிரீஸ் டப்பாவில் தொடங்குவதில்லை, சீலில் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை நீரிலிருந்து ஏறியதும் அடித்தக்கையைத் திறந்து வடிப்பது, நல்ல தண்ணீரில் அலசுவது, காயவிடுவது, பிறகு உள்ளே இறங்கக்கூடிய எண்ணெயை ஊற்றுவது. இதில் எதற்கும் பெரிய படிப்போ பெரும்பணமோ தேவையில்லை. கால் மணி நேரமும் ஓர் ஒழுங்கும் போதும்.

அப்படியானால் எவ்வளவு தொய்வு சரி? சங்கிலியில் தொய்வே இல்லாமல் வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டுவதும் தவறுதான், பேரிங் போய்விடும். இரு பற்சக்கரங்களின் மைய இடைவெளியில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு அசைவு இருக்கலாம் என்பது பொதுவிதி. முன்னும் பின்னும் மாறி ஓடும் சங்கிலிக்கு அதில் சிறிய அளவுதான் பொருந்தும். ஏனெனில் முன்னால் ஓடும்போது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்கிறது. பின்னால் ஓட்டினாலோ, திரும்புவதற்காகத் தடுத்தாலோ தொய்வு பக்கம் மாறுகிறது. மாறும் நொடியில் ஓர் உதறல். தளர்ந்த சங்கிலி பல் தாவுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். தொய்வை வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் இழுப்பான் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கண்ணியை எடுப்பது, கண்ணாடியைத் துடைக்காமல் கண்ணைக் குறை சொல்வது.

4

'பொங்கலுக்கு ஓடணும்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். எதற்காக? விடுமுறைக்கு வருகிறவர்களை ஏற்றி ஏரியில் சுற்றிக் காட்டுவதற்காக.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். இதே பழவேற்காட்டில், உல்லாசமாகச் சுற்றிப்பார்க்கச் சென்றவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களிடம் உயிர்காப்பு உடை இல்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். பெரிய புயலோ சுனாமியோ அல்ல. 'ஒன்றும் ஆகாது' என்ற இரண்டு சொற்கள்தான் அன்று அவர்களைக் கொன்றன. 'ரெண்டு கண்ணிய எடுத்துட்டு ஓட்டு' என்பது அதே இரண்டு சொற்களின் வேறு வடிவம் அல்லாமல் வேறென்ன?

இவ்வண்டியைப் பற்றி ஆசைப்படுபவர்கள் ஒன்றை உணரவேண்டும். இது படகு அல்ல. நீருக்கு மேலே நிற்கும் அதன் விளிம்பு உயரம் குறைவு. அலை அடித்தால் உள்ளே வரும். முகத்துவாரத்து நீரோட்டத்தின் வேகத்துக்கு இதன் 4 கிலோமீட்டர் ஈடுகொடுக்காது. சேற்றிலும் ஆழமற்ற அமைதியான நீரிலும் மட்டுமே இதற்கு மேன்மை உண்டு. அந்த மேன்மையும் சங்கிலி நன்றாக இருக்கும்வரைதான்.

அண்ணன் கண்ணியை எடுக்கவில்லை. இரு பக்கச் சங்கிலிகளையும் கழற்றி, ஒரு கோணிப்பையில் போட்டுத் தம் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இது என்கிட்ட இருந்தா அத்த எவனும் தண்ணில எறக்க முடியாது சார்" என்றார். கூலி வாங்கவில்லை. அந்த வேலையையும் அவர் இழந்திருக்கக்கூடும். பொங்கலுக்கு வண்டி ஓடவில்லை. நீதிநூல்களைப் பாடம் நடத்தும் நான், நீதி நடந்ததை நேரில் பார்த்தது அன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

5

"பழைய வண்டி, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கவேண்டியதுதானே?" என்பார்கள் சிலர். வாங்கலாம். 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தின்போது இந்திய ராணுவம் 'ஏட்டர்' என்ற புதிய நீர்நில வாகனத்தை இறக்கி மக்களை மீட்டது. பெருமையான செயல். ஆனால் புது வண்டியும் ஒருநாள் பழைய வண்டி ஆகும். உப்புநீர் விலைச்சீட்டைப் பார்த்து அரிப்பதில்லை.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோர மாநிலங்களுக்கெல்லாம் காவல் படகுகள் வந்தன. அவற்றுள் பல பழுதுநீக்கமின்றிக் கரையில் நின்றதைத் தணிக்கை அறிக்கைகள் மாநிலத்துக்கு மாநிலம் எழுதின. வாங்குவதற்கு விழா உண்டு, மாலை உண்டு, புகைப்படம் உண்டு. சங்கிலிக்கு எண்ணெய் விடுவதற்கு விழா எடுக்க முடியாது. ஆகவே அதற்கு நிதியும் இல்லை, ஆளும் இல்லை.

"மீனவர் படகே போதும்" என்பது இன்னொரு வாதம். இதை நான் மதிக்கிறேன். 2015இல் சென்னை மூழ்கியபோது தெருக்களில் வந்தவை மீனவர் படகுகள்தாம். 2018இல் கேரளத்தில் லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்து மக்களைக் காத்தவர்களும் மீனவர்கள்தாம். பத்தில் ஒன்பது இடத்தில் படகே போதும். பத்தாவது இடம், படகின் விசிறி சேற்றில் புதையும் இடம். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு ஒன்பது இடங்களின் கணக்கு உதவாது. அங்கே போகக்கூடிய வண்டி நம்மிடம் இருந்தும், சங்கிலி தளர்ந்து கொட்டகையில் நின்றால் அதைவிட அவமானம் ஏது?

"வெளிநாட்டு வண்டி, உதிரிப்பாகம் கிடைக்காது" என்பது மூன்றாவது. இது சோம்பேறிகளின் வாதம். இவ்வண்டிகளில் இருப்பது உலகப் பொது அளவுகளில் செய்த சங்கிலி. அம்பத்தூரில் 1960 முதல் 'டயமண்ட்' சங்கிலி செய்கிறார்கள். கோவையிலிருந்து 'ரோலான்' வருகிறது. பாரிமுனைக் கடைகளில் அடி கணக்கில் வெட்டித் தருகிறார்கள். கடல் கடந்து போகவேண்டியதில்லை. சரியான எண்ணைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

கேட்கத் தெரிவதில்தான் சிக்கல். பொங்கலுக்குப் பிறகு மனம் மாறிய வண்டிக்காரர் சங்கிலி வாங்கி அனுப்பினார். இடைவெளி அதே 19.05. அண்ணன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய சங்கிலி அமெரிக்க அளவில் 60ஆம் எண். வந்தது பிரிட்டிஷ் அளவில் 12பி. கண்ணி இடைவெளி ஒன்றே. உள்ளகலமோ முன்னதில் 12.57 மில்லிமீட்டர், பின்னதில் 11.68. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளியில் பற்சக்கரத்தின் பல் இறுகிக் கடித்துக்கொள்ளும். கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் தெரியாத அது அண்ணனின் விரலுக்குத் தெரிந்திருந்தது. எங்கே படித்தார்? எங்கும் இல்லை. தமிழில் அதைச் சொல்லும் பத்துப் பக்கச் சிறுநூல்கூட அவர் கைக்கு வந்ததில்லை. முன்பு ஒருமுறை தவறான சங்கிலியைப் போட்டு, பற்சக்கரத்தைத் தொலைத்து, தம் கைக்காசில் கற்றுக்கொண்டது.

6

இங்கேதான் நண்பரின் சிரிப்புக்கு விடை சொல்லவேண்டியிருக்கிறது.

'கண்ணி' என்ற சொல்லை நான் வகுப்பில் நடத்துகிறேன். இரண்டடிச் செய்யுள் உறுப்பு, தலையில் சூடும் மாலை, பறவை பிடிக்கும் வலை என்று மூன்று பொருள் எழுதிப்போடுவேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். சங்கிலியின் கண்ணி என்ற நான்காவது பொருளை நான் எழுதியதேயில்லை. நாள்தோறும் அச்சொல்லைக் கையால் தொட்டுப் புழங்குகிறவர் லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறார். சொல்லை உயிரோடு வைத்திருப்பவர் யார், நானா அவரா?

நாம் செய்வதெல்லாம் இரண்டு. ஒன்று, அவர் பேசும் 'செயின் லாக்'கைக் கேட்டு முகம் சுளித்து, யாரும் வாயில் நுழைக்க முடியாத கலைச்சொல் ஒன்றைச் செய்து அகராதிக்குள் பூட்டிவைப்பது. மற்றது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் அறிவே அல்ல என்று நினைத்துக்கொள்வது. கண்ணி தேய்வதை அளப்பது எப்படி, செயின் லாக்கின் மூடிய முனை சங்கிலி முன்னோக்கி ஓடும் திசையைப் பார்த்து இருக்கவேண்டியது ஏன், இரண்டு அளவுகள் மாறினால் என்ன கெடும், இவற்றை அவர் பேசும் சொற்களிலேயே, தெளிவான உரைநடையில் எழுதித் தருவது தமிழ் படித்தவர்கள் செய்யக்கூடிய வேலை. செய்யத் தகாத வேலை என்று எந்த இலக்கணம் சொல்கிறது?

புறநானூற்றின் 102ஆம் பாடலை நம்மில் பலர் படித்திருப்போம். ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று ஒரு தலைவனைப் புகழ்கிறார் புலவர். அணிநலம் பாராட்டி இப்பாடலை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதில் இருக்கும் வண்டியறிவை ஒருமுறையும் நடத்தியதில்லை. பழுது வரும் என்று முன்னரே எண்ணுவதும் அதற்கான பாகத்தைக் கையோடு கொண்டுபோவதும் ஒரு தலைவனுக்கே உவமையாகும் அளவுக்குப் பெரிய பண்பு என்று ஔவையார் நினைத்தார். உமணர் பெரும்படிப்புப் படித்தவர் அல்லர். அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஔவையாருக்கு வெட்கமாக இருக்கவில்லை.

ஈராயிரம் ஆண்டுகள் கழித்து, அதே உப்பு படிந்த கரையில், சேமச் சங்கிலி இல்லாத வண்டியை மக்களை ஏற்றி ஓட்டப் பார்க்கிறோம். தடுத்தவரை 'இருக்கிறான்' என்கிறோம்.

7

ஆகவே மூன்று சொல்கிறேன். அரசோ தொண்டு நிறுவனமோ மீட்புக்கென ஒரு வண்டி வாங்கினால், அதே ஒப்பந்தத்தில் ஒரு முழுச் சங்கிலித் தொகுதியும் பற்சக்கரங்களும் சீல்களும் இருக்கவேண்டும். அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஆள், வண்டி நிற்கும் ஊரிலேயே இருக்கவேண்டும். வண்டியோடு வரும் கையேடு தமிழிலும் இருக்கவேண்டும். பழுதான வண்டியை 'இது நீரில் இறங்கக் கூடாது' என்று சொல்லும் மெக்கானிக்கின் சொல்லுக்கு, அதை வாங்கியவரின் சொல்லைவிட மதிப்பு இருக்கவேண்டும்.

முதலிரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு நம் விகுதியை மாற்றிக்கொண்டால் போதும்.

இதை எழுதும்போது சரியான சங்கிலி வந்துவிட்டதாக அண்ணன் தொலைபேசியில் சொன்னார். பற்சக்கரங்களில் இரண்டு இன்னும் வரவேண்டுமாம். அவை வரும்வரை வண்டி கொட்டகையில்தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட குறிப்புகள் ஒரு பள்ளி நோட்டில் பதினான்கு பக்கம் வந்திருக்கின்றன. படங்களோடு சிறுநூலாக்கும் எண்ணம் உண்டு. படம் வரையத் தெரிந்த நண்பர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்வேன். சிரித்த நண்பருக்கும் ஒரு பிரதி உண்டு.